ஈயத்தைப் பார்த்து இளிச்சுதாம் செம்பு

துப்பாக்கியைத் தொட்டுக்கூடப் பார்க்காத ஆள் குண்டைப் பத்திப் பதிவு போடலாமா? போடலாம் மக்களே. மட்டையே பிடிக்காதவங்க டெண்டுல்கருக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்த பூமி இது :-)

போன மாசம் பேரையூர் பக்கம் மாமா தோட்டத்துக்குப் போயிருந்தேன். மக்காச்சோளம் பால் பிடிக்கிற பருவம். ராத்திரியோட ராத்திரியா காட்டுப்பன்னிக் கூட்டம் இறங்கி உழுது போட்ட மாதிரி ஆக்கிட்டுப் போயிருச்சு. தின்னதைவிட மிதிச்சது ஜாஸ்தி. மாமா வரப்புல உட்கார்ந்தவர் ரொம்ப நேரம் பேசவே இல்லை. அதனால "ஐயோ பாவம் பன்னி"ன்னு ஆரம்பிக்க நான் வரலை. சுடணும்னா சுடட்டும்.

2025 ஜனவரியில தமிழக அரசு இதுக்கு வழிமுறை அறிவிச்சது. காப்புக்காட்டுல இருந்து 1 கிலோமீட்டர் வரைக்கும் சுடக்கூடாது, 1-ல இருந்து 3 வரைக்கும் பிடிச்சுக் காட்டுல விடணும், 3-ஐத் தாண்டினா வனத்துறை சுடலாம். அதுல இருந்து எங்க ஊர் டீக்கடையில கிலோமீட்டர் சண்டைதான். யார் சுடணும், எங்க சுடணும்னு பேசுறாங்க. எந்தக் குண்டால சுடணும்னு ஒருத்தர் வாயிலயும் வரலை.

"எந்தக் குண்டா இருந்தா என்னப்பா, பன்னி சாகணும்"னார் மாமா. லீவுக்கு வந்த மச்சான் சும்மா இருப்பானா? அவன் டெக்சாஸ்ல பன்னி சுடுறவன். தோட்டாவை வீட்டு மேஜையில அவனே கட்டுவான். காலிக் கூட்டுக்கு கேப் அடிச்சு, மருந்தை கிரெய்ன் கணக்கா நிறுத்துக் கொட்டி, மேல குண்டைச் செருகுற வேலை. (இங்க உரிமம் இல்லாம அதைச் செஞ்சா 1959 ஆயுதச் சட்டம் உள்ள தூக்கிப் போட்டுரும், ஆசைப்படாதீங்க.) "ஈயத்தை விட்டு அஞ்சு வருசம் ஆச்சு மாமா. இப்ப முழுச் செம்புதான்"னான்.

"எல்லாக் குண்டும் செம்புக் கலர்லதானடா இருக்கு?"ன்னு கேட்டேன். நானும் ஏமாந்தது அங்கதான். வழக்கமான ரைபிள் குண்டுக்கு வெளிய இருக்கிறது மெல்லிசான உறை. செம்புல கொஞ்சம் துத்தநாகம் கலந்தது, அதாவது பித்தளைக்கு ஒண்ணுவிட்ட தம்பி. உள்ள பூரா ஈயம். மூக்கு திறந்த ஈயக்குண்டு சதையில பட்டதும் சிதறுது. எக்ஸ்ரே எடுத்தா, காயத்தைத் தாண்டி ஒரு சாண் தள்ளிக்கூட பொடிப்பொடியா ஈயம் தெரியும். கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது.

"அதான் புதைச்சிருவோம்ல"ன்னு சொல்லுவாங்க. கையில கிடைச்ச பன்னியைத்தானே புதைப்பீங்க? அடிபட்டு ஓடி, ஓடைக்குள்ள கருவேலம் புதர்ல விழுந்து செத்ததை யாரு திங்கிறா? கள்ளப்பருந்து, நரி, நாய். யாருக்கும் தெரியாம கறி போடுற வீடுகளும் இருக்கு, அந்த வீட்டுப் பிள்ளைங்களும் இருக்கு. சின்னப் பிள்ளைங்க மூளைக்கு ஈயம் எவ்வளவு ஆகாதுன்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கலிபோர்னியாவுல காண்டார் கழுகு 1982-ல மொத்தமே 22-தான் மிஞ்சியிருந்தது. பாடுபட்டுப் பெருக்கினாங்க, அப்புறமும் செத்த மிருகத்துல இருந்த ஈயம் அதுங்களைக் கொன்னுக்கிட்டே இருந்துச்சு. 2013-ல சட்டம் போட்டு 2019 ஜூலையில இருந்து வேட்டைக்கு ஈயமே கூடாதுன்னுட்டாங்க. ஜப்பான்ல ஹொக்கைடோ 2000-லயே மான் வேட்டைக்கு ஈய ரைபிள் குண்டைத் தடுத்தது, அங்க செத்தது கடல் கழுகு. நாம? மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசியில பாறு கழுகு மொத்தமும் போன பிறகு 2006-ல முழிச்சோம். மோயாறுப் பக்கம் மிச்சம் இருக்கிறதைத்தான் இப்ப எண்ணிக்கிட்டு இருக்கோம். ஒரு தடவை பட்டது போதாதா?

செம்பு மந்திரக்கோல்னு சொல்லலை. மச்சானே ஒத்துக்கிட்டான். ஈயத்தோட அடர்த்தி 11.3, செம்பு 8.9. அதே எடைக்குச் செம்புக்குண்டு நீளமா இருக்கும், கூட்டுக்குள்ள மருந்துக்கான இடத்தையும் தின்னுடும். அதனால .308-க்கு 165 கிரெய்ன் ஈயம் போட்ட இடத்துல 150 செம்பு போடுறான். எடை குறைஞ்சா வேகம் கூடும். செம்புக்கு வேகம்தான் உசிரு. பொதுவா விநாடிக்கு 1800 அடிக்குக் கீழே போனா மூக்கு பூ மாதிரி விரியாது, ஊசி மாதிரி துளைச்சிட்டுப் போயிரும். பன்னி காயத்தோட ஓடும், நான் மேல சொன்ன ஓடைக்கே போகும். விரிஞ்சதுன்னா அநேகமா முழு எடையோட நிக்கும், பொடி உதிராது.

நம்ம நாட்டுல வனத்துறை கையில பல இடத்துல இருக்கிறது .315. கனத்த, மெதுவான ஈயக்குண்டு போடுற ரகம். அதுல அப்படியே செம்பை மாத்திட்டா ஆச்சுன்னு நினைச்சா வேலை கெட்டுரும். அந்தத் துப்பாக்கிக்குன்னு எடை குறைஞ்ச செம்பு செஞ்சு, சுட்டுப் பார்த்து, எத்தனை அடி தூரம் வரைக்கும் விரியுதுன்னு எழுதி வைக்கணும். கட்கி தொழிற்சாலைக்கு இது முடியாத காரியமா? பன்னி சோளத்துக்கு வர்றப்ப பரண்ல இருந்து 50 கஜம்கூட இருக்காது. மேல இருந்து கீழே சுட்டா, ஊடுருவிப் போற குண்டு மண்ணுக்குள்ள போகும், பம்ப்செட்ல படுத்திருக்கிறவன் மேல போகாது.

விலை ஜாஸ்தியாம். ஆமா, ஜாஸ்திதான். ஒரு பன்னிக்கு ஒரு குண்டு, ரெண்டு குண்டு. ஒரு ராத்திரி ஜீப் டீசல்ல கணக்குப் போட்டுப் பாருங்க சாமி.

டிஸ்கி: கிளம்புறப்ப மாமா கேட்டார், "அந்தச் செம்புக்குண்டு நம்ம ஆளுங்களுக்கு எப்பப்பா வரும்?" மச்சான் என்னைப் பார்த்தான். நான் சோளக்கொல்லையைப் பார்த்தேன்.