வேகத்தைப் பார்த்து வாங்காதீர்கள்

மாணவர்களே, தீபாவளிக்குக் கிடைத்த அங்பாவ் பணத்தைச் சேர்த்து, பாறை ஏறும் ரிமோட் கார் ஒன்று வாங்க நினைக்கிறீர்களா? கடைக்குப் போனதும் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட வேகத்தைத்தான் முதலில் படிப்பீர்கள். நானும் முன்பு அப்படித்தான் வாங்கினேன். அந்தக் கார் சிமெண்டுத் தரையில் பறந்தது. ஒரு செங்கல்லின் மேல் ஏறவில்லை. மூன்றாம் வாரம் உள்ளே ஒரு பற்சக்கரம் உடைந்தது. அந்தப் பாகம் தனியாக விற்பனைக்கு இல்லை. கார் குப்பைக்குப் போனது.

பட்டபிறகு சொல்கிறேன்: 'ராக் கிராலர்' எனப்படும் இவ்வகைக் காருக்கு மெதுவாக ஊர்வதுதான் திறமை.

காரணம் உங்கள் இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது. மோட்டாரின் சுழற்சியைப் பற்சக்கரங்கள் 40 மடங்கு குறைத்தால், உராய்வில் வீணாவது போக, முறுக்குவிசை ஏறக்குறைய 40 மடங்கு கூடும். வேகத்தை விட்டுக்கொடுத்தால்தான் ஏறும் வலு கிடைக்கும்.

அடுத்து, டிஃபரன்ஷியல் பூட்டப்பட்டதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். சாலையில் வளைந்து திரும்பும்போது இடது, வலது சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல வேண்டும். டிஃபரன்ஷியல் அதற்கு இடம் தருகிறது. பாறையில் அதுவே தொல்லை. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால், அது மட்டும் வீணாகச் சுழலும். பூட்டிய அச்சில் இரண்டும் சேர்ந்தே சுழல்வதால், தரையைப் பற்றிய சக்கரம் காரை நகர்த்திவிடும். திரும்புவதற்குக் கொஞ்சம் அதிக இடம் வேண்டியிருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ரிமோட்டையும் சோதியுங்கள். லேசாக அழுத்தினால் கார் லேசாக நகர வேண்டும். 'ஓடு', 'நில்' என்ற இரண்டே நிலைகள் இருந்தால் பாறையில் அது உதவாது.

தொடக்கநிலைக்குச் சிறிய கார் போதும் என்பது என் கருத்து. 1/24 அளவுள்ள ஆக்ஸியல் எஸ்சிஎக்ஸ்24, 1/18 அளவுள்ள டிராக்ஸஸ் டிஆர்எக்ஸ்-4எம் போன்றவற்றை அடுக்குமாடி வீட்டிலேயே, புத்தகங்களை அடுக்கி ஓட்டலாம். பொம்மைக் காரைவிட இவற்றின் விலை அதிகம்தான். ஆனால் உடைந்த பாகத்தைத் தனியாக வாங்கி நீங்களே மாற்றலாம். பணம் போதவில்லை என்றால் சில மாதங்கள் பொறுத்துச் சேமியுங்கள். மலிவான காரை இரண்டு முறை வாங்குவது மலிவு அல்ல.

மின்கலத்தில் கவனம் தேவை. லித்தியம் பாலிமர் மின்கலத்தை அதற்குரிய சார்ஜரில் மட்டுமே, பெரியவர் ஒருவரின் கண்பார்வையில் ஏற்றுங்கள். இரவில் ஏற்றிவிட்டுத் தூங்கிவிடாதீர்கள். உப்பிய மின்கலத்தை மீண்டும் பயன்படுத்தவே வேண்டாம்.

கார் கைக்கு வந்ததும் ஒரு சோதனை செய்து பாருங்கள். காரைப் பலகையின் குறுக்கே வைத்து, பலகையின் ஒரு பக்கத்தை மெல்ல உயர்த்துங்கள். எந்தக் கோணத்தில் கவிழ்கிறது என்று பாகைமானியால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சக்கரங்களின் இடைவெளியில் பாதியும் ஈர்ப்பு மையத்தின் உயரமும் சமமானால், கணக்குப்படி 45 பாகையில் கவிழ வேண்டும். பிறகு கூரைமேல் சில நாணயங்களை ஒட்டி மீண்டும் அளந்து பாருங்கள். அடுத்து அதே நாணயங்களை அச்சுக்கு அருகே ஒட்டுங்கள். எடையை எங்கே வைக்க வேண்டும் என்பதை இனி எந்த விளம்பரமும் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.