சிறு செலவும் பெருங்கடனும்

கடன்பட்ட குடும்பங்களில் ஒருவரை ஒருவர் கேட்கக் கூசும் வினா ஒன்றுண்டு. 'பணம் எங்கே போயிற்று?' என்பதே அவ்வினா. மருத்துவச் செலவு, திருமணம், கல்லூரிக் கட்டணம் எனப் பெரிய செலவுகளுக்கு உடனே விடை கூறிவிடலாம். ஆனால், அவற்றையெல்லாம் கூட்டினாலும் வருவாயோடு கணக்குப் பொருந்துவதில்லை. இடையில் ஒரு தொகை காணாமற்போயிருக்கும். நாள்தோறும் செய்யும் சிறு செலவுகளை எழுதிவைப்பதே கடனிலிருந்து மீள விரும்புவோர் முதலில் செய்யவேண்டிய பணி என்பது என் கருத்து. எனினும், அதற்கு வழக்கமாகக் கூறப்படும் காரணத்தை நான் ஏற்பதில்லை.

'தேநீரை நிறுத்தினால் கடன் தீரும்' என்பது அவ்வழக்கமான அறிவுரை. கணக்கிட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு இரண்டு தேநீர், ஒன்று 12 ரூபாய் என்றால், மாதத்திற்கு 720 ரூபாய் ஆகும். மூன்று இலட்சம் ரூபாயை நூற்றுக்கு இரண்டு ரூபாய் மாத வட்டியில் வாங்கியவர், வட்டியாக மட்டும் மாதந்தோறும் 6,000 ரூபாய் செலுத்துகிறார். அவர் தேநீரை அடியோடு மறந்தாலும் வட்டியில் எட்டில் ஒரு பங்குகூடத் தேறாது. கூலி வேலை செய்பவரிடம் சென்று, 'நீ குடித்த தேநீரால்தான் கடன்பட்டாய்' என்பது அறியாமை மட்டுமன்று, கொடுமையுமாகும். அவ்வாறெனில் சிறு செலவை ஏன் எழுதவேண்டும்?

என் இளமையில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறேன். 1994ஆம் ஆண்டில் நான் தனியார் பள்ளியொன்றில் சிறு ஊதியத்திற்குப் பணியாற்றினேன். தந்தையாரின் அறுவை மருத்துவத்திற்காக 20,000 ரூபாய் கடன் வாங்கியிருந்தோம். 'மூன்று வட்டி' என்று ஊரில் சொல்வார்கள். கேட்பதற்குச் சிறிய எண்ணாகத் தோன்றும். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்பது ஆண்டுக்கு 36 விழுக்காடு என்று நான் எழுதிப் பார்த்ததே இல்லை. மாதந்தோறும் 600 ரூபாயைக் கொடுத்துவிட்டுத் தலைகுனிந்து திரும்புவேன்.

ஒருநாள் பழைய குறிப்பேடு ஒன்றை எடுத்துச் செலவுகளை எழுதத் தொடங்கினேன். அரிசி, பால், மருந்து, வாடகை, வட்டி என வரிசையாக எழுதினேன். மாத இறுதியில் 'இதர செலவு 310 ரூபாய்' என்று முடித்தேன். அந்த 'இதர' என்னும் சொல் எத்துணை வசதியானது! சொல்ல விரும்பாதவை அனைத்தும் அதனுள் அடங்கிவிடும். என்னிடமிருந்தே நான் மறைத்துக்கொண்டவை அவை. அடுத்த மாதம் அச்சொல்லை எழுதுவதில்லை என்று உறுதிகொண்டேன். ஒவ்வொன்றாக எழுதியபோது, தேநீரும் வடையும் 95 ரூபாய். வார இதழ்கள் 48 ரூபாய். திருப்பிக் கேட்கக் கூச்சப்பட்ட கைமாற்று 60 ரூபாய். பேருந்தைத் தவறவிட்டு ஏறிய ஆட்டோவுக்கு 70 ரூபாய் என்றாயிற்று. தேநீரை நான் விடவில்லை. காலையில் பத்து நிமிடம் முன்னதாகப் புறப்பட்டேன்; இதழ்களை நூலகத்தில் படித்தேன். இப்படி மிஞ்சியதை ஆயிரம் ரூபாயாகச் சேரும்போதெல்லாம் அசலில் கட்டினேன். பதினான்கு மாதங்களில் இருமுறை கட்ட முடிந்தது.

அதன்பின்தான் அக்குறிப்பேடு எனக்கு உண்மையைக் காட்டியது. பதினான்கு மாதப் பக்கங்களையும் கூட்டினேன். வட்டியாகச் சென்றது 8,190 ரூபாய். அசலில் குறைந்தது 2,000 ரூபாய். தேநீரையும் ஆட்டோவையும் எழுதாமல் விட்டிருந்தால், 'வீண்செலவால் கெட்டோம்' என்று என்னையே நொந்துகொண்டு இருந்திருப்பேன். எல்லாவற்றையும் எழுதியதால்தான், எங்களை விழுங்கியது எது என்று ஐயமின்றித் தெரிந்தது. அப்பக்கங்களை என் தாயாரிடம் படித்துக்காட்டினேன். அவர் எழுத்தறியாதவர், பால் கணக்கைச் சுவரில் கரிக்கோடுகளால் குறித்துவைப்பவர். நீண்டநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அதுவரை தர மறுத்துவந்த தம் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தார். அதைக் கூட்டுறவு வங்கியில் அடகுவைத்து மூன்று வட்டிக் கடனை அடைத்தோம். வங்கியின் வட்டி அதில் ஏறத்தாழப் பாதி.

கணக்கு எழுதுவது கஞ்சத்தனம் என்று எண்ணுவோர் உளர். இலண்டனில் சட்டம் பயின்ற இளைஞராகிய காந்தியடிகள், பேருந்துக் கட்டணம், அஞ்சல்தலை, செய்தித்தாளுக்குக் கொடுத்த செப்புக்காசு வரை எழுதி, இரவு உறங்குமுன் இருப்பைச் சரிபார்த்தார் என்பதை அவரது தன்வரலாற்றில் காணலாம். வண்டிக்கட்டணமே மிகுதி என்று அக்கணக்கு காட்டியது. நடந்து செல்லும் தொலைவில் அறை பார்த்துக்கொண்டார். பின்னாளில் தாம் நடத்திய இயக்கங்கள் கடன்படாமல் இருந்தமைக்கு இப்பழக்கமே காரணம் என்றும் அவர் கருதினார்.

வருவாய் வரும் வழி சிறிதாயினும் செலவாகும் வழி அகலாதிருந்தால் கேடில்லை என்னும் கருத்தைத் திருவள்ளுவர் எந்த அதிகாரத்தில் வைத்தார் என்பது எண்ணத்தக்கது. அஃது 'வலியறிதல்' அதிகாரத்தில் உள்ளது. தன் வலிமையை அளந்தறிவதன் ஒரு பகுதியாகவே வரவுசெலவை அறிதலையும் அவர் கண்டிருக்கிறார். மளிகைக் கடைக் கணக்கில் கடனாகப் பெற்றதைப் 'பற்று' என்று எழுதுகிறோம். விடமுடியாத விருப்பத்திற்கும் அதே சொல்தான் வழங்குகிறது. தமிழாசிரியனாகிய எனக்கு அவ்வொற்றுமை வேடிக்கையாகவும் இருக்கிறது. சற்று அச்சமாகவும் இருக்கிறது.

இன்றைய நிலை இன்னும் சிக்கலானது. 'நாள் தண்டல்' என்னும் முறையில், 10,000 ரூபாய் என்று எழுதி 8,500 ரூபாயைக் கையில் தந்து, நாளுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாள் வசூலிப்பதுண்டு. அசல் நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதால், உண்மையான ஆண்டு வட்டி 100 விழுக்காட்டையும் தாண்டிவிடுகிறது. வண்டிக் கடைக்காரருக்கு அது 'நாளுக்கு நூறு ரூபாய்' என்னும் சிறு செலவாகவே தெரியும். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. ஆனால், தாம் கொடுப்பது எத்தனை விழுக்காடு என்று அறியாதவர் எதைச் சொல்லி முறையிடுவார்? மேலும், 2016இல் யுபிஐ வந்தபின் காசு கையைவிட்டுப் போவதே உணரப்படுவதில்லை. கைப்பேசியைக் காட்டியதும் பத்தும் இருபதும் போய்விடுகின்றன. எனினும், ஒவ்வொரு செலவும் அங்கே தானாகப் பதிவாகிறது. அப்பதிவைப் படிப்பவர்தாம் குறைவு.

மாணவர்களாகிய உங்களுள் பலர் வீட்டில் எழுத்தறிந்த முதல் தலைமுறையினர். வீட்டுக் கணக்கை எழுதும் பொறுப்பு உங்களிடம் வரக்கூடும். அப்போது ஒன்றில் கவனமாக இருங்கள். பல வீடுகளில் தாயாரின் செலவுக்கு மட்டும் கணக்குக் கேட்கிறார்கள். ஆண்கள் வெளியில் செய்யும் செலவு கேள்வியின்றிப் போகிறது. அத்தகைய கணக்கு உளவு பார்ப்பதாகுமே தவிர, கடனைத் தீர்க்க உதவாது. தந்தையார் தேநீர்க் கடையில் கொடுத்ததும், தாயார் பூ வாங்கியதும், நீங்கள் கைப்பேசிக்கு ரீசார்ஜ் செய்ததும் ஒரே பக்கத்தில், தேதியோடு, 'இதர' என்னும் தலைப்பின்றி இருக்கவேண்டும். அதே பக்கத்தில் அன்று செலுத்திய வட்டியையும் மறவாமல் எழுதுங்கள்.