தகுதி இல்லாமலா படிப்பை விட்டார்கள்?

அமெரிக்காவில் 1964-க்கு முன் கறுப்பின மக்களுக்காகத் தொடங்கப்பட்ட கல்லூரிகள் சுமார் நூறு இன்றும் நடக்கின்றன. அவற்றின் மாணவர்களுக்கு உதவித்தொகை என்று பேச்செடுத்தாலே ஒரு மறுப்பு தயாராக வந்து நிற்கும். சேர்பவர்களில் பலர் பட்டம் வாங்காமலே போய்விடுகிறார்கள், தகுதி இருந்தால் முடித்திருக்க மாட்டார்களா, ஓட்டைப் பானையில் ஏன் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பார்கள். வெள்ளையர் மட்டும் சொல்லும் பேச்சல்ல இது. நியூ ஜெர்சியிலும் டெக்சஸிலும் நன்றாக வாழும் நம்மவர் வீட்டு விருந்துகளிலும் இதைக் கேட்கலாம். இது அநியாயமான பேச்சு.

அந்தப் பிள்ளைகள் எப்படிப் படிப்பை விடுகிறார்கள் என்று பாருங்கள். பாதிக்கு மேற்பட்டோர் பெல் கிராண்ட் என்ற மத்திய அரசு உதவி பெறும் அளவுக்கு எளிய குடும்பத்தவர். அந்த உதவி கட்டணம் முழுவதையும் அடைக்காது. மீதிக்குக் கடன், அதுவும் போதாமல் இரவு வேலை. செமஸ்டர் முடியும்போது விடுதிக் கணக்கிலோ சாப்பாட்டுக் கணக்கிலோ பாக்கி நிற்கும். சில நூறு டாலர்தான் இருக்கும், சில வேளை ஓரிரு ஆயிரம். அதற்காக மாணவரின் பெயரில் ‘ஹோல்ட்’ விழுகிறது. பாக்கியைக் கட்டும்வரை அடுத்த செமஸ்டருக்குப் பதிவு செய்ய முடியாது. சில இடங்களில் மதிப்பெண் பட்டியலையும் தர மாட்டார்கள், அப்போது வேறு கல்லூரிக்கு மாறவும் வழியில்லை. கொஞ்ச நாள் வேலை பார்த்துக் கட்டிவிட்டு வருகிறேன் என்று கிடங்கு வேலைக்குப் போகிற பிள்ளைக்கு அங்கே வீட்டு வாடகையும் தம்பி தங்கையின் செலவும் காத்திருக்கின்றன. பலரால் திரும்பி வர முடிவதில்லை. புள்ளிவிவரத்தில் அவர் ‘முடிக்காதவர்’. கடைசியாக எழுதிய தேர்வில் என்ன மதிப்பெண் வாங்கினார் என்று யாரும் கேட்பதில்லை.

2011-இல் பெற்றோர் பெயரில் தரப்படும் ‘பேரன்ட் பிளஸ்’ கடனுக்கான விதியை மத்தியக் கல்வித் துறை இறுக்கியது. அடுத்த கல்வியாண்டில் இந்தக் கல்லூரிகள் ஆயிரக்கணக்கான மாணவர்களை இழந்தன. ஒரே கோடையில் அத்தனை பேரின் அறிவும் மங்கிவிட்டதா?

சரி, முடித்தவர்களைப் பார்ப்போம். 2019-இல் அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் தொழிலதிபர் ராபர்ட் ஸ்மித் அந்த ஆண்டு மாணவர்களின் கல்விக் கடனைத் தானே அடைப்பதாக அறிவித்தார். உலகமே கைதட்டியது. சுமார் 400 பேருக்கு, பெற்றோர் வாங்கிய கடனையும் சேர்த்து, 3.4 கோடி டாலர் ஆயிற்று. ஆளுக்குச் சராசரியாக எண்பதாயிரம் டாலருக்கு மேல். மார்ட்டின் லூதர் கிங் படித்த கல்லூரியில் தேறி, பட்ட அங்கியோடு நின்றவர்களின் தகுதியில் என்ன குறை? குறை வீட்டுச் சொத்தில்தான். அமெரிக்க மத்திய வங்கியின் 2022 கணக்கெடுப்பின்படி, சொத்து வரிசையில் நட்டநடுவில் நிற்கும் வெள்ளைக் குடும்பத்துக்கு 2,85,000 டாலர் இருந்தது. கறுப்பினக் குடும்பத்துக்கு 44,900. தகுதியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசட்டும்.

கல்லூரிகளின் வறுமையும் தானாக வந்ததல்ல. 1890-இல் வந்த மோரில் சட்டம், கறுப்பினத்தவரைச் சேர்க்க மறுத்த மாநிலங்கள் அவர்களுக்குத் தனிக் கல்லூரி நடத்தி, நிதியை நியாயமாகப் பங்கிட வேண்டும் என்றது. மாநிலங்கள் கல்லூரியை வைத்தன, பங்கைக் கொடுக்கவில்லை. 2023 செப்டம்பரில் கல்வி, வேளாண் துறைச் செயலாளர்கள் 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். அதன்படி, முப்பது ஆண்டுகளில் மட்டும் 1,200 கோடி டாலருக்கு மேல் குறைத்துக் கொடுக்கப்பட்டிருந்தது. டென்னசி ஸ்டேட் பல்கலைக்கழகம் ஒன்றுக்கே 210 கோடி. மேரிலாந்தில் நான்கு கல்லூரிகளுக்காக 2006-இல் தொடுத்த வழக்கு 2021-இல்தான் 57.7 கோடி டாலருக்குத் தீர்ந்தது. பறித்தவர்களே ‘இவர்களால் முடியவில்லை’ என்று தீர்ப்பும் சொல்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்வார்கள்: எல்லாக் கல்லூரியும் திறந்துவிட்ட பிறகு தனிக் கல்லூரி எதற்கு? இவை யாருக்கும் கதவடைத்தவை அல்ல. இன்று இங்கே படிப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் கறுப்பினத்தவர் அல்லர். நியூ ஆர்லியன்ஸின் சேவியர் பல்கலைக்கழகம் மிகச் சிறியது. கறுப்பின மாணவர்களை மருத்துவப் படிப்புக்கு அனுப்புவதில் பெரும் பல்கலைக்கழகங்களையும் அது முந்தி நிற்கிறது.

உதவி பட்டத்தோடு நின்றாலும் போதாது. 2004-இல் வெளியான ஓர் ஆய்வில் பாஸ்டன், சிகாகோ நிறுவனங்களுக்கு ஒரே தரமான விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். வெள்ளையர் பெயருக்கு ஐம்பது சதவீதம் கூடுதலாக அழைப்பு வந்தது. தந்தையின் நண்பர் வழியாக வாய்ப்பு கிடைக்காத பிள்ளைக்குச் சம்பளத்தோடு கூடிய பயிற்சி வேண்டும், நேர்காணலுக்கு விமானச் செலவு வேண்டும், நல்ல கோட்டு வேண்டும், விண்ணப்பத்தைத் திருத்தித் தரவும் தெரிந்த ஒருவரிடம் சொல்லிவிடவும் ஆள் வேண்டும். வசதியான வீட்டில் இதையெல்லாம் யாரும் உதவி என்று சொல்வதுகூட இல்லை.

1960 பிப்ரவரி 1 அன்று கிரீன்ஸ்பரோ நகரில் வெள்ளையருக்கு மட்டுமான உணவு மேடையில் உட்கார்ந்து எழ மறுத்த நால்வரும் வட கரோலினா ஏ அண்ட் டி கல்லூரியின் முதலாண்டு மாணவர்கள். அந்தப் போராட்டம் மாற்றிய நாட்டில்தான் 1965-இல் குடியேற்றச் சட்டம் திருந்தியது. நம் பொறியாளர்கள் உள்ளே போன வழி அது. இன்று அமெரிக்காவில் கறுப்பினப் பொறியாளர்களை அதிகமாக உருவாக்குவதும் அதே கல்லூரி. ஆள் எடுக்கும் மேசையில் இன்று தமிழர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த பருவத்துக்கு எந்தெந்தக் கல்லூரிக்குப் போவது என்று உங்கள் நிறுவனம் பட்டியல் போடும்போது கிரீன்ஸ்பரோவின் பெயரை எழுதுங்கள். நன்கொடை தருவதானால், முதலாண்டில் முதல் மதிப்பெண் வாங்கியவரைத் தேடிப் பரிசு கொடுப்பதற்கு முன், கடைசி ஆண்டில் ‘ஹோல்ட்’ விழுந்து நிற்பவர்களின் பட்டியலைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு வாங்கிக் கட்டுங்கள்.