விஞ்ஞானம் யார் வீட்டுச் சொத்து?

“விஞ்ஞானமெல்லாம் படித்தவர்கள் சமாச்சாரம். மண்வெட்டி பிடிப்பவனுக்கும் தறி ஓட்டுபவனுக்கும் அதில் என்ன வேலை?” என்று சில கனவான்கள் கேட்கிறார்கள். கிணற்றுத் தண்ணீர் ஏன் இறங்குகிறது என்று விவசாயி கேட்டால், “அதை நிபுணர்கள் பார்த்துக்கொள்வார்கள்” என்கிறார்கள். பாய்லர் ஏன் வெடித்தது என்று தொழிலாளி கேட்டால், “உனக்குச் சொன்னால் புரியாது” என்கிறார்கள்.

தோழர்களே, இந்தக் கனவான்கள் காப்பாற்றுவது விஞ்ஞானத்தை அல்ல, தங்கள் நாற்காலியை! இதற்கு நெய்வேலியே சாட்சி.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டபோது, பீறிட்ட நீரோடு கறுப்பாக ஏதோ ஒன்றும் வெளிவந்தது. பூமாதேவிக்குக் கோபம் என்று கற்பூரம் கொளுத்திவிட்டுப் போயிருக்கலாம். அவர் போகவில்லை. இது என்ன என்று கேட்டார். அதிகாரிகளின் கவனத்துக்குக் கொண்டு போனார். அவர் நிலச்சொந்தக்காரர்தானே என்று யாராவது முணுமுணுக்கக்கூடும். ஆம், இருக்கட்டும். நல்ல கேள்வியை யார் கேட்டாலும் அது நல்ல கேள்விதான். துளை போட்ட கூலியாட்களின் பெயரும் கூடவே சொல்லப்பட்டிருந்தால் நாம் இன்னும் சந்தோஷப்பட்டிருப்போம்.

கேள்வி கேட்டதோடு காரியம் முடியவில்லை. 1943 முதல் 1946 வரை இந்திய புவியியல் ஆய்வுத் துறை துளை போட்டுப் பார்த்தது. பிறகு சென்னை சர்க்காரும் போட்டது. ஒரு துளை அந்த ஓரிடத்தின் சங்கதியைத்தான் சொல்லும். பல துளை போட்டால்தான் நிலக்கரி எத்தனை ஆழத்தில் கிடக்கிறது, எத்தனை கனம், எங்கே முடிகிறது என்பது பிடிபடும்.

பெரிய சங்கடம் கரியில் இல்லை. அதற்கு அடியில் இருந்த தண்ணீரில் இருந்தது. படிவத்தின் கீழே நீர் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை அழுத்தத்துடன் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு கிலோ அழுத்தம் தண்ணீரை 10 மீட்டர் உயரம் தூக்கும். ஆறு கிலோ என்றால் 60 மீட்டர்! மேலே மண் பாரமாக உட்கார்ந்திருக்கும்வரை ஆபத்தில்லை. மண்ணை அள்ளி எடுத்தால், அடியிலுள்ள நீர் தரையைப் பிளந்துகொண்டு கிளம்பும். சுரங்கம் ஏரியாகிவிடும்.

இதற்கு விடை எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை. சீமையிலிருந்து வந்த புத்தகத்திலும் நெய்வேலி மண்ணுக்கென்று விடை எழுதி வைக்கவில்லை. இறைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு கிணற்றில் பம்பு வைத்து இறைப்பது, சுற்றிலும் உள்ள கிணறுகளில் நீர் எவ்வளவு இறங்குகிறது என்று நேரத்தோடு குறித்துக்கொள்வது, கணக்குப் போட்டுப் பார்ப்பது, மறுபடி இறைப்பது. 1953-ல் மாதிரிக் குழி வெட்டினார்கள். 1954-ல் பவல் டஃப்ரின் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் நிபுணர்கள், இங்கே சுரங்கம் நடத்த முடியும் என்று அறிக்கை கொடுத்தார்கள். 1957 மே 20-ல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962-ல் சோவியத் உதவியுடன் கட்டிய நிலையத்திலிருந்து மின்சாரம் பிறந்தது.

ஜெர்மனியிலிருந்து பிரம்மாண்டமான பக்கெட் வீல் யந்திரங்கள் வந்தன. வந்தவுடன் என்ன நடந்தது? கடலூர் மணற்பாறை அவற்றின் பற்களைத் தின்றது! வெடி வைத்து மேல்மண்ணைத் தளர்த்தவும், பல்லை மாற்றி மாற்றிச் செப்பனிடவும் வேண்டியிருந்தது. எந்தப் பல் எத்தனை மணி நேரத்தில் தேய்ந்தது என்பதை முதலில் பார்த்தது யார்? யந்திரத்தின் காலடியில் நின்றவன். அவன் பார்த்ததைச் சொல்ல, இஞ்சினீயர் அதைக் குறித்துக்கொள்ள, பல் மாறியது. இதற்குப் பெயர் விஞ்ஞானம் இல்லையென்றால், வேறு எதற்குத்தான் அந்தப் பெயர்?

ராவணனிடம் 24 வகை விமானங்கள் இருந்தன என்று 2019 ஜனவரியில் ஜலந்தரில் கூடிய இந்திய விஞ்ஞானக் காங்கிரஸ் மேடையிலேயே ஒரு துணைவேந்தர் பேசினார். பட்டத்துக்குக் குறைவில்லை, மேடைக்குக் குறைவில்லை. நெய்வேலித் தொழிலாளி அவரிடம் ஒன்றே ஒன்று கேட்கலாம்: “ஐயா, எத்தனை துளை போட்டுப் பார்த்தீர்கள்?” விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976-ல் அரசியல் சட்டத்திலேயே எழுதிச் சேர்த்தார்கள். கடமை நமக்கு; மேடை அவர்களுக்கு!

படிக்காதவன் எதைக் கண்டுபிடித்துவிடப் போகிறான் என்ற ஏளனம் இன்று நேற்று வந்ததல்ல. 1812-ல் இங்கிலாந்தில் ஃபெல்லிங் சுரங்கத்தில் வாயு வெடித்து 92 பேர் மாண்டார்கள். விளக்கின் சுடர் வாயுவைப் பற்றவைக்காமல் இருக்க வழி தேடினார்கள். 1815-ல் லண்டனில் சர் ஹம்ஃப்ரி டேவி என்ற பேர்பெற்ற விஞ்ஞானி ஒரு விளக்குச் செய்தார். அதே ஆண்டில், கில்லிங்வொர்த் சுரங்கத்தில் யந்திரம் பார்த்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ஸ்டீவன்சனும் ஒன்று செய்தார். இவர் பதினெட்டு வயது வரை எழுதப் படிக்கத் தெரியாதவர். வாயு கசியும் இடத்துக்குத் தாமே விளக்கை எடுத்துக்கொண்டு போய்ச் சோதித்தார். தப்பாகப் போனால் சாவது அவர்தான்! டேவிக்கு 2,000 பவுன் பரிசு. ஸ்டீவன்சனுக்கு 100 கினி. அதோடு, திருடிவிட்டான் என்ற பழி வேறு. 1833-ல் பாராளுமன்றக் கமிட்டி விசாரித்து, இருவருக்கும் சம உரிமை என்று சொன்னது. டேவியின் விளக்கும் உண்மையான வேலைதான். அதைக் குறை சொல்ல வேண்டியதில்லை. உழைப்பாளிக்கு மூளை இருக்காது என்று முடிவு கட்டியவர்களைத்தான் குறை சொல்கிறோம்.

இனி நம் ஊருக்கு வருவோம். 2020 மே 7-ல் நெய்வேலி இரண்டாவது அனல் மின் நிலையத்தில் ஒரு பாய்லர் வெடித்தது. 55 நாள் கழித்து, ஜூலை 1-ல், அதே நிலையத்தில் இன்னொரு பாய்லர். ஆறு பேர் அங்கேயே மாண்டார்கள். தீக்காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களில் மேலும் பலர் திரும்பவில்லை. இறந்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் உண்டு. முதல் விபத்தின் காரணம் என்ன? இரண்டாவதற்கும் அதுதானா? இதைத் தெரிந்துகொள்ளும் முதல் உரிமை யாருக்கு? நாளை காலை ஷிப்டுக்கு அந்த பாய்லர் அருகில் போய் நிற்பவனுக்கு. விசாரணையின் ஒவ்வொரு பக்கமும் தமிழில் அச்சாகி, ஒப்பந்தத் தொழிலாளியின் கைக்கும் வர வேண்டும். வராத அறிக்கை எத்தனை நிபுணர் எழுதினாலும் பாதி வேலைதான். மற்றவர் பார்த்துச் சரிபார்க்க முடியாததை விஞ்ஞானம் என்று சொல்வதற்கில்லை.

தண்ணீர் விஷயமும் அப்படியே. சுரங்கத்தைக் காக்க இரவு பகலாகப் பம்புகள் இறைக்கின்றன. சுற்று வட்டார விவசாயிகள் போர் ஆழம் கூடிக்கொண்டே போகிறது என்கிறார்கள். நீர்வளத்தைப் பத்திரமாக நிர்வகிக்கிறோம் என்று நிர்வாகம் சொல்கிறது. இரண்டையும் சும்மா நம்ப வேண்டாம். அளந்து பார்ப்போம்!

எப்படி அளப்பது? கிணற்றில் மோட்டார் இறக்கும் கூலித் தோழருக்கு எத்தனை குழாய் மாட்டினோம் என்பது தெரியும். ஒரு குழாய் 20 அடி. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, கிணறு, குழாய் எண்ணிக்கை, அந்த மாத மழை. சுரங்கத்துக்கு அருகில் சில கிணறுகள், தொலைவில் சில கிணறுகள். நாமே வயலுக்கு எத்தனை மணி மோட்டார் ஓட்டினோம் என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். அதனாலும் நீர் இறங்கும் அல்லவா? நமக்குப் பாதகமான எண்ணை விட்டுவிட்டால், நாமும் அந்தத் துணைவேந்தரும் ஒன்றாகிவிடுவோம்.

மூன்று போகம் இப்படி எழுதிவிட்டு, கிராம சபையில் நோட்டை வைப்போம். நிர்வாகமும் தன் பம்புக் கணக்கையும் கண்காணிப்புக் கிணறுகளின் கணக்கையும் மாதாமாதம் பஞ்சாயத்துப் பலகையில் ஒட்டட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒட்ட மறுத்தால், எங்கள் கணக்கு இதோ, உங்களுடையது எங்கே என்று கேட்போம்.