படிப்பும் ஆயுளும்

மயானத்திலே அரசனும் ஆண்டியும் சமம் என்று பெரியோர் சொல்வதுண்டு. போய்ச் சேருமிடத்தில் அவர்கள் சமமாகலாம். போகும் காலத்திலும் சமந்தானா? படித்தவனுக்கு ஓர் ஆயுளும் படியாதவனுக்கு வேறோர் ஆயுளும் உண்டென்றால் நேயர்கள் நம்புவீர்களா?

அமெரிக்காவிலே, சிக்காகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த எவிலின் கிட்டகாவா, பிலிப் ஹவுசர் என்னும் அறிஞர் இருவர் இதனை ஆராய்ந்தனர். 1960ஆம் ஆண்டில் நான்கு மாதங்களுள் இறந்தோரின் ஏறக்குறைய 340,000 மரணப் பத்திரங்களை அவ்வாண்டுக் குடிசன மதிப்போடு ஒப்பு நோக்கினர். 1973இல் வெளிவந்த அவர்களது நூல், படித்த ஆண்டுகள் குறைந்தோரிடையே மரணம் மிகுந்திருந்ததைக் காட்டிற்று.

அதன் பின்னர் வைத்தியம் எவ்வளவோ வளர்ந்தது. ஆகவே இவ்வேற்றுமை குறைந்திருக்கும் என்றே எவரும் எண்ணுவர். நடந்ததோ வேறு. அந்நாட்டில் 25 வயதின் பின் எதிர்பார்க்கத்தக்க ஆயுளை, பொருளியலறிஞரான ஆன் கேஸ், அங்கஸ் டீற்றன் ஆகிய இருவரும் கணித்தனர். பட்டதாரிகளுக்கும் மற்றையோருக்குமிடையே 1992இல் இரண்டரை ஆண்டளவாயிருந்த வித்தியாசம், 2019இல் ஆறு ஆண்டுகளைக் கடந்தது. கொரோனா நோய் பரவிய 2021இல் எட்டரை ஆண்டாயிற்று!

காரணம் யாது? சிகரெட்டை எடுத்துக்கொள்வோம். புகைத்தல் புற்றுநோயைத் தரும் என்று அமெரிக்க அரசாங்கத்தின் தலைமை வைத்தியர் 1964இல் அறிக்கை விடுத்தார். அறிக்கை எல்லோருக்கும் ஒரே நாளில்தான் வெளிவந்தது. ஆனால் கற்றோரே விரைந்து அப்பழக்கத்தைக் கைவிட்டனர். குறையக் கற்றோரிடம் அது நிலைத்து நின்றது. புதிய அறிவு நன்மையே. எனினும் அது சிலரை மட்டும் முதலில் அடையுமாயின், அந்த நன்மையே வேற்றுமையைப் பெருக்கிவிடுகிறது.

அறிவு மாத்திரம் போதுமோவெனின், போதாது. பட்டமில்லாதார்க்கு அங்கே நல்ல தொழில்கள் அருகின. தொழிலோடு வைத்தியக் காப்புறுதியும் போயிற்று. நாளை என்பதில் நம்பிக்கையிழந்தோர் பலர் மதுவுக்கும் போதை மருந்துக்கும் தற்கொலைக்கும் இரையாயினர்.

கல்வி சிலருக்கே உரியதாகும்போது ஆயுளும் அவ்வாறே பிரிகிறது. அது பலருக்கும் கிட்டினால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாடே சாட்சி. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945இல் இங்கு இலவசக் கல்வி வந்தது. ஏழ்மையிலும் மரணத்தைக் குறைத்த நாடுகளை 1986இல் ஆராய்ந்த அவுஸ்திரேலிய அறிஞர் ஜோன் கால்ட்வெல், கேரளத்துடனும் கொஸ்ராரிக்காவுடனும் இலங்கையையும் எடுத்துக்காட்டி, பெண் கல்வியை முக்கிய காரணமாகக் கூறினார்.

மாணவ மணிகளே! நீங்கள் பெறும் கல்வி உங்களோடு நின்றுவிடலாகாது. பாட்டியின் மருந்துச் சீட்டை வாசித்துச் சொல்லுங்கள். சுகாதார பாடத்தில் கேட்டதை அடுப்படியிலே அம்மாவிடமும், அயல் வீட்டாரிடமும் சொல்லுங்கள். நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை, ஒருவருடைய வாழ்நாளில் சில ஆண்டுகளைச் சேர்த்துவிடவும் கூடும்.