திங்கட்கிழமையும் கிறிஸ்தவரா?

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையிலே கோவில் மணி அடித்தது. குழந்தைகளுக்குத் தலை வாரி, நல்ல சட்டை போட்டு, குடும்பம் குடும்பமாகக் கோவிலுக்குப் போனார்கள். பாட்டுப் பாடினார்கள். முழங்காலில் நின்று ஜெபித்தார்கள். காணிக்கை போட்டார்கள். வீடு திரும்பிச் சாப்பிட்டும் ஆயிற்று. இப்போது இந்த மலர் உங்கள் கையில் இருக்கிறது.

நாளைக்குத் திங்கட்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை யார் கிறிஸ்தவர் என்று கேட்டால் எளிதாகச் சொல்லிவிடலாம். கோவில் வாசலில் நின்று தலையை எண்ணினால் போதும். திங்கட்கிழமை யார் கிறிஸ்தவர்? அதை எண்ணுவது கடினம். கடையிலே, அலுவலகத்திலே, வயலிலே, பஸ்ஸிலே எல்லாரும் கலந்து போகிறார்கள். அங்கே பைபிளும் கையில் இல்லை. பாட்டும் வாயில் இல்லை. நடத்தை ஒன்றுதான் அடையாளம்.

ஏசுநாதரைப் பின்பற்றுகிறவருக்குச் 'சீடர்' என்று பெயர். சீடர் என்றால் மாணவர். குருவிடம் கற்றுக்கொள்கிறவர். ஏசுநாதர் தம் சீடர்களுக்குப் பள்ளிக்கூடம் வைக்கவில்லை. கூடவே அழைத்துக்கொண்டு போனார். வழியிலே நடக்கும்போதும், படகிலே போகும்போதும், பந்தியிலே உட்காரும்போதும் கற்றுக்கொடுத்தார். கொல்லன் பட்டறையில் பையன் தொழில் பழகுவது போல அவர்கள் பழகினார்கள். அவர்களில் மீன் பிடித்தவர்கள் இருந்தார்கள். வரி வசூலித்தவர் ஒருவரும் இருந்தார்.

ஆகவே சீடராக வாழ்வது பண்டிதர்களின் வேலை என்று யாரும் ஒதுங்கிக்கொள்ள முடியாது. கை வேலை பழகுவது போல, தினம் தினம் பழகவேண்டிய காரியம் அது.

"திரும்பிப் போ!"

கோவிலுக்கு வா என்று அழைக்கிறவர்கள் பலர். ஏசுநாதரோ ஒரு சமயம், கோவிலிலிருந்து திரும்பிப் போகும்படி சொன்னார்.

மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் 5-ம் அதிகாரத்தில் அது வருகிறது. ஒருவன் காணிக்கையோடு பலிபீடத்தின் முன்னே நிற்கிறான். திடீரென்று ஒரு நினைவு வருகிறது. தன் சகோதரனுக்குத் தன்மேல் மனவருத்தம் இருக்கிறது. இப்போது என்ன செய்வது? காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு சமாதானம் ஆகவேண்டும். பிறகு வந்து காணிக்கை செலுத்தலாம். இதுதான் ஏசுநாதர் காட்டிய வழி.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். "எனக்கு அவன்மேல் கோபம்" என்பது பேச்சு அல்ல. "அவனுக்கு என்மேல் வருத்தம்" என்பதுதான் பேச்சு. நம் கோபம் நமக்கு நன்றாக நினைவிருக்கும். நாம் பிறருக்குச் செய்த குறை மறந்து போகும். அதை நினைக்கச் சொல்கிறார்.

இன்னொன்றும் உண்டு. இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் கலிலேயா நாட்டுக்காரர்கள். பலிபீடமோ தெற்கே எருசலேமில் இருந்தது. நடந்து போனால் சில நாள் பிரயாணம். அவ்வளவு தூரம் போனவனைத்தான் திரும்பச் சொல்கிறார்! போய் வர எத்தனை நாள் ஆனாலும் சரி. காணிக்கை காத்திருக்கட்டும், சமாதானம் காத்திருக்கக்கூடாது.

கோவிலில் நாம் செய்வதற்கு மதிப்பு வருவது, வீட்டிலும் வெளியிலும் நாம் செய்வதனால்தான். இதை நான்கு இடங்களில் பார்ப்போம்.

அடுப்படியில்

பிரான்சு நாட்டில் 17-ம் நூற்றாண்டில் ஒரு சிப்பாய் இருந்தார். போரிலே காயம் பட்டு அவருக்குக் கால் ஊனமாகிவிட்டது. பிறகு பாரிஸ் நகரத்தில் கார்மேல் சபையாரின் மடத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்கு லாரன்ஸ் என்று பெயர் வைத்தார்கள். கொடுத்த வேலை என்ன? சமையல்.

லாரன்சுக்குச் சமையல் வேலை பிடிக்காது. ஆனாலும் பல ஆண்டுகள் அதைச் செய்தார். கடவுளுக்காகச் செய்கிறோம் என்று எண்ணிச் செய்தார். நாளடைவில் ஜெபிக்கும் நேரம் வேறு, பாத்திரம் தேய்க்கும் நேரம் வேறு என்ற வித்தியாசமே அவருக்கு இல்லாமல் போயிற்று. பிற்காலத்தில் மடத்தாரின் செருப்புகளைச் செப்பனிட்டார். 1691-ல் இறந்தார். அவர் பெரிய பதவி எதுவும் வகிக்கவில்லை. ஆனால் அவருடைய கடிதங்களையும் பேச்சுகளையும் தொகுத்து அச்சிட்ட சிறிய புத்தகம் 300 ஆண்டு கடந்தும் படிக்கப்படுகிறது.

"எனக்கு ஜெபம் பண்ண நேரம் எங்கே இருக்கிறது?" என்று ஏங்கும் தாய்மார்கள் லாரன்ஸை நினைத்துக்கொள்ளலாம்.

அதற்காக, எல்லா வேலையையும் வீட்டு அம்மாவின் தலையில் சுமத்திவிட்டு, "அதுதான் உனக்கு ஜெபம்" என்று ஐயாமார் சொல்லிவிடக்கூடாது. ஏசுநாதர் இடுப்பிலே துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் காலைக் கழுவினார். அவரைக் குரு என்று சொல்லுகிறவர், சாப்பிட்ட தட்டைத் தாமே கழுவி வைப்பதில் என்ன குறைச்சல்?

அடுப்படியிலேயே இன்னொரு பழக்கமும் உண்டு. பிடி அரிசி! உலையில் போட அரிசி அளக்கும்போது, ஒரு பிடி எடுத்துத் தனியே ஒரு பானையில் போட்டுவைப்பது. நம் நாட்டில் பல சமயத்தாருக்கும் தெரிந்த தர்மம் இது. வடகிழக்கில் மிசோரம் மாநிலக் கிறிஸ்தவப் பெண்கள் 1910 முதல் இதை விடாமல் செய்துவருகிறார்கள். மாடி வீட்டிலும் ஒரு பிடிதான். குடிசையிலும் ஒரு பிடிதான். அந்த அரிசியைச் சேர்த்து விற்று, அதிலே பல ஊழியர்களை அவர்களுடைய சபை தாங்குகிறது. சமைக்கிற ஒவ்வொரு வேளையும் பிறர் பசி நினைவுக்கு வருகிறது. அரிசியைவிட அந்த நினைவுக்கு விலை அதிகம்.

தராசில்

எரிகோ ஊரில் சகேயு என்று ஒருவன் இருந்தான். வரி வசூலிப்பவர்களுக்குத் தலைவன். பணக்காரன். குள்ளமானவன். கூட்டத்தில் ஏசுநாதரைப் பார்க்க முடியாமல் மரத்தில் ஏறினான். ஏசுநாதர் நிமிர்ந்து பார்த்து அவனை இறங்கச் சொன்னார். அன்றைக்கு அவன் வீட்டிலே தங்கப் போவதாகவும் சொன்னார். ஊரார் முணுமுணுத்தார்கள்.

சகேயு என்ன செய்தான்? சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகச் சொன்னான். யாரிடமாவது அநியாயமாக வாங்கியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொன்னான். ஏசுநாதர் அவனிடம் கணக்குக் கேட்டதாகப் பைபிளில் இல்லை. அவனே கணக்குப் பார்த்தான்.

மன்னிப்புக் கேட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று சகேயு காட்டினான். எடை குறைத்த பருப்பு, கலப்படம் செய்த எண்ணெய், கூலியில் பிடித்துக்கொண்ட ஐம்பது ரூபாய், மேஜைக்கு அடியில் வாங்கிய கவர் - இவற்றுக்குக் கோவிலில் அழுதால் மட்டும் போதாது. கொடுத்தவரிடம் திரும்பிப் போகவேண்டும்.

"நியாயமாக நடந்தால் பிழைக்க முடியுமா? நஷ்டம் வருமே!" என்று கேட்கலாம். நஷ்டம் வராது என்று நாம் சொல்லமாட்டோம். வரலாம். சகேயுவுக்கு வந்தது, பாதிச் சொத்துக்கு மேலேயே போயிற்று. ஆனால் அவன் சந்தோஷமாக இருந்தான் என்றுதான் கதை சொல்கிறது.

வாசலில்

1890-களில் ஓர் இரவு. ஊர் திண்டிவனம். ஐடா ஸ்கடர் என்ற இளம் பெண் தன் அப்பாவின் பங்களாவில் இருந்தாள். அப்பா அமெரிக்க மிஷனரி டாக்டர். தாத்தாவும் அப்படியே. மகளுக்கு மட்டும் அந்த வழியில் போக விருப்பம் இல்லை. அமெரிக்காவுக்குத் திரும்பிப் போய் சுகமாக வாழவேண்டும் என்பது அவள் எண்ணம்.

அந்த இரவில் ஒன்றன் பின் ஒன்றாக மூன்று பேர் வாசலுக்கு வந்தார்கள். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் தவித்துக்கொண்டிருந்தார்கள். "நீங்கள் வந்து உதவுங்கள் அம்மா" என்று கேட்டார்கள். "நான் டாக்டர் இல்லை. என் அப்பா வருவார்" என்றாள் ஐடா. ஆண் டாக்டரைப் பெண்ணுக்குப் பிரசவம் பார்க்க அழைக்கும் வழக்கம் எங்களில் இல்லை என்று மூவரும் திரும்பிவிட்டார்கள். விடிந்ததும் செய்தி வந்தது. மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

ஐடா செய்தது தவறா? இல்லை. அவள் சொன்னது உண்மை. அவள் டாக்டர் இல்லை. "என்னால் என்ன செய்ய முடியும்?" என்று சொல்லி அவள் தூங்கியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவளோ அமெரிக்கா சென்று மருத்துவம் படித்தாள். 1899-ல் பட்டம் பெற்று 1900-ல் வேலூருக்குத் திரும்பினாள். வீட்டிலேயே வைத்தியம் தொடங்கினாள். 1902-ல் 40 படுக்கை கொண்ட ஆஸ்பத்திரி எழுந்தது. 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி திறந்தாள். இன்று அது நாடெங்கிலுமிருந்து நோயாளிகள் தேடி வரும் மருத்துவக் கல்லூரி. இந்த நாட்டுக்கே உழைத்த டாக்டர் ஐடா ஸ்கடர் 1960-ல் கோடைக்கானலில் காலமானார்.

எல்லாரும் ஆஸ்பத்திரி கட்ட முடியாது. ஆனால் எல்லார் வீட்டு வாசலிலும் யாராவது வந்து நிற்கிறார்கள். பாங்கு பாரம் நிரப்பத் தெரியாத பக்கத்து வீட்டுப் பெரியவர். காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்காக ஒரு நாள் லீவு கேட்கும் வீட்டு வேலைக்காரம்மா. பள்ளிக் கட்டணம் கட்ட முடியாமல் கூச்சத்தோடு நிற்கும் பையன். இவர்களிடம் நாம் சொல்லும் சாக்கு உண்மையாகவே இருக்கலாம். அதற்குப் பிறகு நமக்குத் தூக்கம் வருகிறதா என்பதே கேள்வி.

பந்தியில்

மற்ற மூன்றையும்விடக் கடினமானது இது. ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

தென் மாவட்டங்களில் கோவில் பண்டிகையன்று அசனம் போடுவார்கள். எல்லாருக்கும் ஒரே பந்தி. ஒரே சோறு, ஒரே குழம்பு. பார்க்கக் கண் குளிரும். ஆனால் அசனம் ஒரு நாள்தான். மறுநாள்?

1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள்ளே சாதி வித்தியாசம் இருக்கவே கூடாது என்று கட்டளை அனுப்பினார். தஞ்சாவூர்ப் பக்கத்திலும் சென்னையிலும் பலர் அதை ஏற்கவில்லை. சாதியை விடுவதைவிடச் சபையை விடுவது மேல் என்று சிலர் வெளியேறினார்கள். அது பழைய கதை என்று தள்ளிவிட முடியுமா? ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளில் வரும் 'மணமகள் தேவை' விளம்பரங்களைப் பாருங்கள். 'கிறிஸ்தவர்' என்று போட்டு, பக்கத்திலேயே சாதியையும் போடுகிறார்கள். சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும் பிரிவு இருக்கிறது. செத்த பிறகும் பக்கத்தில் படுக்கக்கூடாதாம்!

ஏசுநாதர் சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார். அவருடைய ஜனங்கள் சமாரியரோடு புழங்கமாட்டார்கள். அவள் மொண்டு கொடுக்கும் தண்ணீரைக் குடிக்கத் தயங்காதவர் அவர். அவரைக் குரு என்று சொல்லிவிட்டு, வேலையாளுக்குத் தனி டம்ளர் வைக்கிற வீட்டில் எந்தப் பாடம் கற்றுக்கொண்டார்கள்? பிள்ளைகள் அந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டுதான் வளர்கிறார்கள். ஞாயிறு பள்ளியில் கேட்டதை மறந்துவிடுவார்கள். டம்ளரை மறக்கமாட்டார்கள்.

தவறினால்?

"இப்படியெல்லாம் யாரால் முடியும்?" என்று மலைக்கவேண்டாம். பேதுரு முதன்மையான சீடர். குருவை எனக்குத் தெரியாது என்று மூன்று தடவை சொன்னவர். பிறகு மனம் கசந்து அழுதார். ஏசுநாதர் அவரைத் தள்ளிவிடவில்லை. மறுபடியும் வேலை கொடுத்தார். பட்டறையில் பழகுகிற பையன் சம்மட்டியைத் தவறவிடுவான். மறுபடி எடுத்து அடிக்கிறவன்தான் தொழில் கற்றுக்கொள்கிறான்.

மற்றச் சமயத்து வாசகர்களும் இதைப் படிப்பீர்கள். உங்கள் வீட்டிலும் அடுப்படி இருக்கிறது, வாசல் இருக்கிறது. உங்கள் பெரியவர்களும் இதையே வேறு சொல்லால் சொல்லியிருப்பார்கள்.

நாளைக்கு நான்கையும் ஒரே நாளில் சாதித்துவிடவேண்டாம். ஒன்றே ஒன்று செய்யுங்கள். உங்கள்மேல் மனவருத்தத்தோடு இருக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். அண்ணனாக இருக்கலாம். மருமகளாக இருக்கலாம். கூலி பாக்கி வைத்த வேலையாளாக இருக்கலாம். பேர் உடனே நினைவுக்கு வந்திருக்கும். நாளைக் காலை வேலைக்குக் கிளம்புமுன் அவரிடம் போய்விட்டுப் போங்கள். தூரத்தில் இருந்தால் போன் செய்யுங்கள்.

அடுத்த ஞாயிறு காணிக்கைத் தட்டு வரும்போது, கை கூசாமல் போடலாம்.