வாடகைச் சட்டமும் குடியிருக்கும் பாட்டாளியும்

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரே மாதத்தில் இரண்டு தொழிலாளிகள் நம்மைத் தேடி வந்தார்கள். இருவரும் ஒரே பட்டறையில் வேலை செய்பவர்கள். ஒருவர் தருமபுரி நகராட்சி எல்லைக்குள் குடியிருந்தார். மற்றவர் சேலம் ரஸ்தாவில், நமது அதியமான்கோட்டையில், ஒரு லைன் வீட்டில் குடியிருந்தார். இருவருக்கும் வந்த ஆபத்து ஒன்றேதான். வீட்டுக்காரர் இரண்டு மாதமாக வாடகையைக் கையில் வாங்கவில்லை. "இப்போ என்ன அவசரம்? அடுத்த மாசம் சேர்த்துக் குடு" என்று சிரித்த முகத்தோடு சொல்லி அனுப்பினார். மூன்றாவது மாதம் வக்கீல் நோட்டீஸ் வந்தது: வாடகை பாக்கி, வீட்டைக் காலி செய்!

வாங்க மறுப்பதும் அவரே. பாக்கி என்று வழக்குப் போடுவதும் அவரே. தமிழ்நாட்டில் வாடகை வழக்குகள் நடந்த கோர்ட்டுகளில் இது பழகிப்போன தந்திரம்.

தருமபுரித் தோழருக்கு அப்போது ஒரு பிடிமானம் இருந்தது. 1960-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 8-வது பிரிவு அது. வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தால், எந்த பாங்கில் கட்டுவது என்று கேட்டு அவருக்குக் கடிதம் எழுதலாம். பதில் இல்லையென்றால் மணியார்டர் கமிஷனைக் கழித்துக்கொண்டு பணத்தை அனுப்பலாம். அதுவும் திரும்பி வந்தால் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம், அதாவது முன்சீப் கோர்ட்டில், அனுமதி பெற்றுக் கட்டிவிடலாம். அப்படியே செய்தோம். வழக்கு வாய்தா மேல் வாய்தாவாக ஓடியது. அவர் குடும்பம் வீட்டை விட்டு இறங்கவில்லை.

அதியமான்கோட்டைத் தோழருக்கு இந்தக் கதவு திறக்கவில்லை. ஏன்? அந்தச் சட்டம் சென்னைக்கும் மதுரைக்கும் நகராட்சிகளுக்கும் எழுதப்பட்டது. மற்ற ஊர்களுக்கு வேண்டுமானால் சர்க்கார் தனியாக உத்தரவு போட வேண்டும். கிராம ஊராட்சியில் குடியிருந்தவனுக்கு மிஞ்சியது 1882-ல் வெள்ளைக்காரன் எழுதி வைத்த சொத்து மாற்றுச் சட்டம். மாத வாடகைக்கு இருப்பவனுக்கு 15 நாள் நோட்டீஸ் கொடுத்தால் போதும் என்கிறது அதன் 106-வது பிரிவு. காரணம் சொல்ல வேண்டியதில்லை. பட்டறை ஒன்று, கூலி ஒன்று, உழைப்பு ஒன்று. குடியிருக்கும் ஊர் சில மைல் தள்ளி இருந்ததால் உரிமை இல்லாமல் போயிற்று!

இங்கே நம் தவறையும் சொல்லியாக வேண்டும். நோட்டீஸ் வந்த உடனே யாரும் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதில்லை. அந்த 1882 சட்டப்படிகூட வீட்டுக்காரர் சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டு, டிக்ரி பெற்று, அமீனாவோடு வந்தால்தான் வெளியேற்ற முடியும். இதை அந்தத் தோழருக்கு உரிய நேரத்தில் நாம் எடுத்துச் சொல்லவில்லை. "ரசீது இருக்கிறதா?" என்று கேட்டோம். இல்லை என்றார். உதட்டைப் பிதுக்கினோம். வீட்டுக்காரர் மின்சாரத்தை நிறுத்தினார். பள்ளிக்கூடம் நடக்கிற நடு வருஷத்தில் இரண்டு குழந்தைகளை அழைத்துக்கொண்டு அவர் போனார். ஒரு நாள் மாலை பத்துத் தோழர்கள் அந்த வீட்டு வாசலில் போய் நின்றிருந்தால் மின்சாரம் திரும்ப வந்திருக்கும் என்பதே நம் அபிப்பிராயம்.

வாடகைக் கட்டுப்பாடு எந்தச் சீமானும் மனமிரங்கிக் கொடுத்த தருமம் அல்ல. 1915-ல், முதல் உலக யுத்தத்தின் நடுவில், பிரிட்டனில் கிளாஸ்கோ நகரத்தில் வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். ஆண்கள் பலர் போர்முனையில் இருந்தார்கள். பெண்கள் வாடகை கொடுக்க மறுத்தார்கள். மேரி பார்பர் என்ற தொழிலாளி வீட்டுப் பெண் முன்னணியில் நின்றார். நவம்பர் 17-ம் தேதி குடியிருப்போர் மீது போட்ட வழக்கு விசாரணைக்கு வந்தபோது, கப்பல் கட்டும் தொழிலாளிகள் ஆயிரக்கணக்கில் கோர்ட்டுக்கு ஊர்வலமாகப் போனார்கள். ஆலைகள் நின்றுவிடும் என்று சர்க்கார் நடுங்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள் வாடகையை யுத்தத்துக்கு முந்திய அளவில் கட்டிப்போடும் சட்டம் வந்துவிட்டது.

நம் ராஜதானிக்கு அது இரண்டாவது யுத்தத்தோடு வந்தது. 1941-ல் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவு. பிறகு 1946-லும் 1949-லும் சட்டங்கள். கடைசியாக 1960-ம் ஆண்டுச் சட்டம். 1940 ஏப்ரலுக்கு முந்திய 12 மாதங்களில் அந்த வட்டாரத்தில் நிலவிய வாடகைதான் 'நியாய வாடகை'க்கு முதலில் அடிப்படையாக இருந்தது. வீட்டுக்காரர் கேட்டது வாடகை அல்ல, அதிகாரி நிர்ணயிப்பதே வாடகை. இந்த ஒரு கொள்கைதான் சட்டத்தின் உயிர்.

அந்த உயிரைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார்கள். 1973 திருத்தத்தில் அடிப்படை மாறியது. கட்டிடத்தின் மதிப்பில் வீட்டுக்கு நூற்றுக்கு 9, கடைக்கு நூற்றுக்கு 12 என்று கணக்கு வைத்தார்கள். நிலத்தின் விலை ஏற ஏற, நியாய வாடகை கேட்டு மனுப் போடுவது வீட்டுக்காரர்களின் ஆயுதமாகிவிட்டது. மாதம் 400 ரூபாய்க்கு மேல் வாடகையுள்ள வீடுகளுக்குச் சட்டமே கிடையாது என்று ஒரு விதி இருந்தது. கடைகளுக்கு அப்படி வரம்பு இல்லை. ரத்தன் ஆர்யா வழக்கில் 1986-ல் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது. ஆனால் கோயில், சர்ச், பள்ளிவாசல், தர்ம ஸ்தாபனங்களின் கட்டிடங்களை 1976-ல் சர்க்கார் சட்டத்துக்கு வெளியே தள்ளியபோது, அதே கோர்ட் அது சரி என்றது. ஒரு கையில் கிடைத்தது மறு கையில் போயிற்று.

2017-ல் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டுப் புதுச் சட்டம் இயற்றினார்கள். 2019 பிப்ரவரி 22 முதல் அது அமலில் இருக்கிறது. இதில் நியாய வாடகை இல்லை. இருவரும் எழுத்தில் ஒப்புக்கொண்டதே வாடகை. ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஒப்பந்தம் ஏற்படவில்லை என்பதையே காரணமாகக் காட்டி வெளியேற்ற மனுப் போடலாம். மின்சாரம், தண்ணீரை நிறுத்தக் கூடாது என்ற விதி இதிலும் இருக்கிறது, அது வாஸ்தவம். ஆனால் "ஒப்பந்தம்" என்ற சொல்லைப் பாருங்கள் தோழர்களே! பத்து வீடு வைத்திருப்பவரும், இன்று ராத்திரி குழந்தைகளை எங்கே படுக்க வைப்பது என்று தவிப்பவனும் சரிசமமாக உட்கார்ந்து பேசி முடிவு செய்கிறார்களாம்! ஆலை வாசலில் நிற்கும் கூலியாளும் முதலாளியும் "சுதந்திரமாக" ஒப்பந்தம் செய்துகொள்கிறார்கள் என்று சொல்வதும் இதே கதைதானே?

விவசாயத் தொழிலாளிகள் இதை ஆலைத் தொழிலாளியின் கவலை என்று தள்ளிவிடக் கூடாது. நிலத்துக்காரர் மனையில் குடிசை போட்டிருந்தவன், கூலி உயர்வு கேட்ட மறுநாள் குடிசையைப் பிரித்துக்கொண்டு ஓட வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது. 1961-ல் குடியிருப்புகளிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டமும், 1971-ல் குடியிருப்பு மனையைக் குடியிருந்தவனுக்கே சொந்தமாக்கும் சட்டமும் வந்தன. பக்கத்துக் கேரளத்தில் 1970 ஜனவரி முதல் கிராமத்தில் 10 சென்ட் வரை குடிகிடப்புக்காரனுக்கு உரிமை கிடைத்தது. தலைக்கு மேல் இருக்கும் கூரை பறிபோகாது என்று தெரிந்தவன்தான் கூலிக்காக நிமிர்ந்து நிற்க முடியும். லைன் வீட்டுத் தொழிலாளிக்கும் இதுதான் பிரச்னை.

சிறு வீட்டுக்காரர்கள் இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறார்கள். புருஷனை இழந்து, முன்பக்கத்து அறை ஒன்றை வாடகைக்கு விட்டுச் சோறு சாப்பிடும் அம்மாவும் இருக்கிறார். பழைய சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடைவீதியில் அற்ப வாடகையில் லட்சக்கணக்கில் வியாபாரம் செய்த பெரிய வியாபாரிகளும் இருந்தார்கள். அந்த அம்மாவுக்கு ஒரு விதி, வரிசை வரிசையாக லைன் வீடு கட்டி வசூலிப்பவருக்கு ஒரு விதி என்று எழுத முடியாதா? முடியும். எழுத மனமில்லை.

சட்டசபையில் கேட்க வேண்டியவை இரண்டு. உழைப்பவன் குடியிருக்கும் சிறு வீட்டுக்கு நியாய வாடகை நிர்ணயம் மீண்டும் வேண்டும். நகராட்சியில் இருந்தாலும் கிராம ஊராட்சியில் இருந்தாலும் ஒரே பாதுகாப்பு என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுத வேண்டும். அதற்கு இயக்கம் நடக்கட்டும்.

அதுவரை ஊரில் செய்ய வேண்டியது இருக்கிறது. வாடகையை வாங்க மறுத்தால் அந்த மாதமே சங்கத்துக்குச் சொல்லுங்கள், மூன்றாவது மாதம் வரை காத்திருக்காதீர்கள். கையில் கொடுக்கும் வாடகைக்குச் சீட்டு கேளுங்கள். தர மறுத்தால் பாங்கு மூலம் அனுப்புங்கள். புதுச் சட்டத்திலும் வாடகை அதிகாரியிடம் பணம் கட்ட வழி இருக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் படிக்கத் தெரிந்த தோழர் ஒருவரிடம் காட்டுங்கள். அதியமான்கோட்டையில் லைன் வீடுகள் எத்தனை, எதற்கு என்ன வாடகை, யாரிடம் சீட்டு இருக்கிறது என்று வீடு வீடாகப் போய் எழுதும் வேலையை, அந்தத் தோழர் காலி செய்துபோன அதே வரிசையிலிருந்து, வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்குகிறோம்.